தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்ற கொலைகாரன்

"கொலை நடந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார் நிழல்.

"முப்பது வருஷத்துக்குக் கிட்ட இருக்கும் சார்."

"கொலைகாரன் எங்கே?"

"இன்னும் வந்து சேரல. தொண்ணூத்தெட்டு பர்சன்ட்ல நிக்கிறான்."

நிழல் என்பது துப்பறிவாளரின் பட்டப்பெயர். ஆளுக்கே தெரியாமல் ஆளைப் பின்தொடர்வதால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவர் போய் நிற்கிற இடத்தில் நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கலாம் என்பதால் வந்த பெயர் என்பது அவருடைய உதவியாளர் ஊசியின் கட்சி. ஊசி நாற்பதைத் தொடப்போகிற பெண். உடம்பும் ஊசி, வாயும் ஊசி. மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு உடைந்து போய், அந்த இடத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவள். வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் அந்த வேலை நிலைக்கவில்லை.

வழக்கைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பிஸ்கட் தொழிற்சாலை சூப்பர்வைசர். ஆயுசு பூராவும் அடுப்புப் பிரிவில் நின்றவர் என்பதால், சும்மா இருக்கும்போதும் கோபமாக இருப்பவர் மாதிரி முகம் சிவந்திருந்தது. படுக்கையறை மூலையில் கம்ப்யூட்டர் மேஜை. அதைச் சுற்றி நிழலுக்கும் ஊசிக்கும் தன் மனைவிக்குமாக மூன்று நாற்காலிகளைப் போட்டுவிட்டு, நான்காவதாகத் தான் உட்கார ஒரு ஸ்டூலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் நிழல். "செத்தது யாரு?"

"பியானோ டீச்சர்."

"உங்களுக்கு உறவா?"

"இல்ல சார். நாடகத்துல வர்றவங்க."

நிழல் மெதுவாக ஊசியைப் பார்த்தார். ஊசி மின்விசிறியைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் சொன்ன கதை இதுதான். தொழிற்சாலையில் ஒவ்வொரு பிரிவிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் தினம் ஒரு பாகமாக ஒலிபரப்பான நாடகம், 'பியானோ டீச்சரின் கடைசிப் பாடம்'. எழுதியதும் நடித்ததும் தொழிற்சாலை ஆட்களே. ஆனால் யார் யார் என்பது பரம ரகசியம். அதற்கு முந்தைய நாடகத்தில் வில்லனாக நடித்தவரைப் பேக்கிங் பிரிவுப் பெண்கள் குரலை வைத்து அடையாளம் கண்டு, அட்டைப் பெட்டிக்குள் போட்டு ஒட்டிவிட்டார்கள். லாரி கிளம்புவதற்குள் கண்டுபிடித்தது அவர் அதிர்ஷ்டம். அதிலிருந்து நாடகத்தில் பங்கெடுக்கிற அத்தனை பேரிடமும் 'வீட்டில்கூடச் சொல்லமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது நிர்வாகம்.

"டீச்சரைக் கொன்னது பல் டாக்டரா, தோட்டக்காரனா, மாடியில குடியிருந்தவனாங்கிறது கடைசிப் பாகத்துல தெரியணும் சார். அன்னிக்குப் பார்த்து என் அடுப்போட பெல்ட் சிக்கிடுச்சு. பிஸ்கட் பூரா கரியாகுது, ஒரே புகை, ஒரே சத்தம். சரிபண்ணிட்டு வெளியே ஓடி வர்றேன், எல்லாரும் கேன்டீன்லேருந்து பேயறைஞ்ச மாதிரி வர்றாங்க. யாரும் சொல்லிடாதீங்கனு காதைப் பொத்திக்கிட்டேன். திரும்பப் போடுவாங்கன்னு நம்பினேன். போடல. அப்புறம் ஃபேக்டரியையே மூடிட்டாங்க."

"இத்தனை வருஷத்துல யாரையாவது கேட்டிருக்கலாமே," என்றாள் ஊசி.

"கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்குப் பேரு கதையா? காதால கேக்கணும்மா."

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் சாஃப்ட்வேர் ஒன்று வந்தது. பழைய தொழிலாளர்கள் யாரோ கேசட்டுகளை எல்லாம் ஃபைலாக மாற்றி அதில் போட்டிருந்தார்கள். கடைசிப் பாகம் மட்டும் உலகத்திலேயே ஒரே ஒருவரிடம் முழுசாக இருந்தது. அவர் அந்த சாஃப்ட்வேரில் வைத்துக்கொண்ட பெயர் மேகம். சூப்பர்வைசரின் பெயர் கருகல். மேகத்திடமிருந்து கருகலுக்கு ஃபைல் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்துக்கு முன்னால், தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது. அவ்வளவுதான். அதற்கப்புறம் 'இணைக்க முயல்கிறது', 'இணைக்க முடியவில்லை' என்ற இரண்டு வரிகள்தான் திரையில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

"மேகம் யாரு, எந்த ஊரு?"

"தெரியாது சார். அதுல ஊரெல்லாம் கேக்கக் கூடாது. ஆனா தங்கமான மனுஷன். இதுலயே சாட் பண்ற வசதி இருக்கு. தினமும் பேசிக்குவோம். பாவம், அவரும் எனக்கு ஃபைலை அனுப்பிடணும்னு தவிக்கிறாரு. முழுசா வந்ததும் கடைசியில ஒரு இடம் வரும், அங்க என்ன கேக்குதுன்னு எனக்குச் சொல்லணும்னு வேற கேட்டிருக்காரு. யாரோ நடுவுல வேலை பண்றாங்க சார். யாருன்னும் எனக்குத் தெரியும்."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தி விரலால் கூரையைக் காட்டினார். மேலே நாற்காலி ஒன்று கரகரவென்று இழுபட்டது.

"கடவுளா?" என்றாள் ஊசி.

"என் மச்சான். பொண்டாட்டியோட அண்ணன். மாடியில தனியா இருக்காரு. அதே ஃபேக்டரியில எலக்ட்ரிக்கல்ல இருந்தவர். பேச்சுவார்த்தை கிடையாது. அவரோட ஏணியை இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுத்தப்ப ஒரு படி குறையுதுன்னாரு. அது வரும்போதே குறைஞ்சுதான் வந்துச்சு. அன்னிக்கு நின்ன பேச்சு. கரன்ட்டைப் பத்தி அ முதல் ஃ வரைக்கும் தெரிஞ்ச ஆளு. மேலேருந்து ஏதாவது மிஷினை வெச்சு என் லைனை அமுக்குறாரு."

நிழல் எழுந்தார். நாற்காலியும் அவரோடு கொஞ்ச தூரம் எழுந்து, பிறகு மனசில்லாமல் இறங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் வெளியே இருங்க. இந்தக் கம்ப்யூட்டரைத் தனியா விசாரிக்கணும். வீட்டு ஆளுங்க எதிர்ல எந்தச் சாட்சியும் வாயைத் திறக்காது."

கதவு மூடியதும் ஊசி வந்து உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். நிழல் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சந்தேக நபரைப் பார்ப்பதுபோலத் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது சூடாகும் என்பது மட்டும்தான்.

"பயர்வாலை நிறுத்தி வெச்சிருக்காரு," என்றாள் ஊசி. "வைரஸ் பிடிக்கிறதைத் தூக்கியே போட்டுட்டாரு. போர்ட் திறந்திருக்கு. கதவு, ஜன்னல், ஓட்டை, சந்து எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு, ஏன் யாரும் வரலைனு வாசல்ல உட்கார்ந்திருக்காரு மனுஷன்."

"அப்ப தப்பு எங்கே?"

"எங்கேயும் இல்ல. அதான் சார் சந்தேகமா இருக்கு. ஃபைல் மட்டும்தான் வரல. சாட் ஜோரா வேலை செய்யுது."

"அது எப்படி?"

"சாட் நடுவுல இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டர் வழியா போகுது. ஃபைல் அப்படி இல்ல, ஆளுக்கு ஆள் நேரா போகணும். இவர் கம்ப்யூட்டர் அவர் வீட்டு வாசல்வரைக்கும் போய்த் தட்டுது. யாரும் திறக்கல." மேகத்தின் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். "இது மேகத்தோட வாசல் நம்பர். எதுக்கும் இருக்கட்டும்."

நிழல் அறையை விட்டு வெளியே வந்தார். இணையம் வீட்டுக்குள் நுழைகிற டப்பா கூடத்தில், செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அவர் குனியும் முயற்சியைக் கைவிட்டு, அலமாரியையே நகர்த்தினார். டப்பாவில் பச்சை விளக்குகள் மினுக்கின. அதன் முதுகிலிருந்து இரண்டு வயர்கள் புறப்பட்டன.

"சூப்பர்வைசர் சார், உங்க வீட்டுல எத்தனை கம்ப்யூட்டர்?"

"ஒண்ணுதான்."

"வயர் ரெண்டு இருக்கே."

சமையலறையில் கரண்டி ஒன்று விழுந்தது. சூப்பர்வைசரின் மனைவி அதை எடுக்கக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவே இல்லை.

நிழல் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலச் சுவரைத் தடவினார். ஒரு வயர் படுக்கையறைக்குப் போனது. இன்னொன்றைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, விரலால்தான் பார்க்க முடிந்தது. சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். தடவிக்கொண்டே போனார். கடிகாரத்துக்குப் பின்னால் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் இறங்கி, குளிர்சாதனப் பெட்டியின் முதுகோடு ஊர்ந்து, சமையலறைப் புகைபோக்கி விசிறியின் ஓட்டை வழியாக அது வெளியே போயிற்று.

"பார்த்தீங்களா," என்றார் சூப்பர்வைசர். சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "இந்த வழியாத்தான் உறிஞ்சுறாரு என் மச்சான்."

"அவசரப்படாதீங்க. வயர் எங்க போகுதுன்னு பார்க்காம யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. ஊசி, பின்பக்கம் போய்ப் பாரு."

ஊசி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மழைத்தண்ணிக் குழாயை ஒட்டி மேலே போகுது சார். பாதிக்கு மேல தெரியல."

"அப்ப ஏறிப் பாரு."

"நானா?"

"நான் ஏறினா குழாய் இறங்கிடும்."

அதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் ஊசி துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனாள். நிழல் படுக்கையறைக்குத் திரும்பி ஜன்னலைத் திறந்து வைத்தார். அவளுக்கு ஏதாவது ஆனால் காதில் விழ வேண்டும் என்பது காரணம். பிறகு சூப்பர்வைசரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"மேகம் இருக்காரா பாருங்க. அவரோட பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. வயரை ஆட்டும்போது அவர் பக்கம் ஏதாவது மாறுதான்னு தெரியணும்."

சூப்பர்வைசர் ஒற்றை விரலால் தட்டினார்: 'நண்பரே, நலமா?'

பதில் உடனே வந்தது. சூப்பர்வைசர் உரக்கப் படித்தார். "'நலமில்லை நண்பரே. இங்கே ஒரு ஆபத்து. என் ஜன்னலுக்கு வெளியே யாரோ குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.'"

"அடப்பாவமே," என்றார் நிழல். "பட்டப்பகல்ல."

"அவர் ஊர்ல திருட்டு பயம் அதிகம்போல சார். தனியா இருக்கிற மனுஷன் வேற. என்ன சொல்றது?"

நிழலுக்கு உற்சாகம் பிறந்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் வாயைத் திறக்க முடியாமல் இருந்தவருக்கு, இது அவருடைய சொந்தத் துறை. "தண்ணி ஊத்தச் சொல்லுங்க. ஏறுற திருடன் நனைஞ்சா பாதித் தைரியம் போயிடும். என் சர்வீஸ்ல பார்த்திருக்கேன். ஒரு வாளியாவது இருக்கணும்."

சூப்பர்வைசர் தட்டினார்: 'துப்பறியும் நிபுணர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். ஒரு வாளி.'

'நன்றி நண்பரே. இதோ.'

மேலே நாற்காலி இழுபட்டது. பின்பக்கத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஊசியின் குரல் கேட்டது. அவள் சொன்னதை அச்சில் போட முடியாது.

நிழல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். புது வரி வந்திருந்தது.

"'ஊற்றிவிட்டேன்,'" என்று படித்தார் சூப்பர்வைசர். "'ஆனால் போகவில்லை. ஒல்லியாக ஒரு பெண். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டுகிறாள். நடுநடுவே சார், சார் என்று யாரையோ கூப்பிடுகிறாள்.'"

"கண்ணாடி போட்டிருக்காளான்னு கேளுங்க," என்றார் நிழல். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

'போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.'

"என்ன ஒரு ஒற்றுமை பாருங்க சார்," என்றார் சூப்பர்வைசர் வியப்போடு. "அவர் ஊர்லயும் அப்படி ஒரு பொம்பளை."

"சூப்பர்வைசர் சார்."

"சொல்லுங்க."

"அவர் ஊரு உங்க மாடி."

சூப்பர்வைசர் சிரித்தார். நிழல் சிரிக்காததைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அடுப்புப் பக்கம் நிற்காமலேயே அவர் நெற்றியில் வேர்த்தது.

ஊசி சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். வந்தவள் யாரிடமும் எதுவும் பேசாமல் கம்ப்யூட்டரில் நாலு இடத்தில் தட்டி, உள்ளங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். மை கரைந்திருந்தாலும் எண் படிக்கிற மாதிரிதான் இருந்தது.

"இது மேகத்தோட வாசல் நம்பர். இது இந்த வீட்டு வாசல் நம்பர். ஒத்துப் பாருங்க."

இரண்டும் ஒன்றாக இருந்தன.

"ரெண்டு பேரும் ஒரே டப்பா வழியா வெளியே போறீங்க. உங்க கம்ப்யூட்டர் இந்த வீட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, இந்த வீட்டு அட்ரஸுக்கே தபால் போடுது. டப்பா என்ன நினைக்கும்? இதென்ன பைத்தியம், வீட்டுக்குள்ள இருக்கிறவருக்கு எதுக்குத் தபால்னு வாசல்லயே கிழிச்சுப் போட்டுடுது. வேற தேசத்துல இருந்திருந்தா எப்பவோ வந்து சேர்ந்திருக்கும். பக்கத்துல இருந்ததுதான் பிரச்சினை."

"ஆனா தொண்ணூத்தெட்டு வரைக்கும் வந்துச்சே," என்றார் சூப்பர்வைசர்.

"அதுக்கு நான் பதில் சொல்றேன்," என்று கதவருகிலிருந்து குரல் வந்தது.

சூப்பர்வைசரின் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப அண்ணனுக்குச் சொந்தமா லைன் இருந்துச்சு. லைன் கொடுத்த கம்பெனியை மூடிட்டாங்க. அண்ணன் பேயடிச்ச மாதிரி உட்கார்ந்துட்டாரு, சாப்பாடு இறங்கல. கேட்டா, ஒரு நண்பருக்கு அனுப்பவேண்டியது பாதியில நிக்குதுங்கிறாரு. உங்ககிட்ட சொன்னா ஒத்துக்குவீங்களா? நீங்க கடைக்குப் போன நேரமா பார்த்து நானே வயர் வாங்கி இழுத்துவிட்டேன். பெயின்ட்டும் நான்தான் அடிச்சேன். போன மழைக்கு முன்னாடி."

"போன மழைக்கு முன்னாடி," என்று திருப்பிச் சொன்னார் நிழல். "அவர் அனுப்பணும்னு நீங்க வயர் விட்டீங்க. வயர் விட்டதால அவரால அனுப்ப முடியல." அவருடைய நீண்ட சர்வீஸில் இவ்வளவு நல்ல குற்றவாளியை அவர் சந்தித்ததில்லை.

சூப்பர்வைசர் அதில் எதையும் கேட்கவில்லை. அவர் திரையை வெறித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்கிட்டயே மச்சானைப் பத்தி சொல்லியிருக்கேன் சார்," என்றார். "ஒண்ணு விடாம. எங்க வீட்டு மாடியில ஒரு முசுடு இருக்குன்னு. அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னாரு. அந்த மாதிரி ஆளுங்க திருந்தமாட்டாங்க நண்பரே, நீங்களா போய்ப் பேசாதீங்கன்னாரு."

"அவர் தன் கஷ்டம் எதுவும் சொல்லலையா?"

"சொன்னாரு. உயிருக்கு உயிரா வெச்சிருந்த ஒரு பொருளை ஒரு ஆளு உடைச்சுட்டான்னு. நான் வயலின்னு நினைச்சேன் சார். உடைச்சவனை வீட்டு வாசப்படி மிதிக்க விடாதீங்கன்னு நானே எழுதினேன்."

ஊசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் அபூர்வமாக, சொல்லாமல் விட்டாள்.

சூப்பர்வைசர் விரலைத் தூக்கினார். பிறகு எழுத்து எழுத்தாகத் தட்டினார்: 'நண்பரே, நான் கீழே இருக்கிறேன்.'

பதில் வரவில்லை. மேலே ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாடிப்படியில் காலடி கேட்டது. பாதி இறங்கியது, நின்றது, திரும்ப ஏறியது, மறுபடி இறங்கியது.

கதவருகில் உயரமாக, கூன் விழுந்த ஒரு மனிதர் வந்து நின்றார். கையில் காலி வாளி. வைத்துவிட்டு வர மறந்திருந்தார்.

மைத்துனர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாய் திறந்தால் ஏணி வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. சூப்பர்வைசர் மெல்லத் திரும்பி, திரையில் தட்டினார்: 'உட்காருங்கள் நண்பரே.' மச்சான் குனிந்து படித்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அதே விசைப்பலகையில் பதில் எழுதினார்: 'பரவாயில்லை, நிற்கிறேன்.'

"ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசுங்க," என்றார் சூப்பர்வைசரின் மனைவி. "எனக்குப் படிச்சுக்கிட்டு நிக்க முடியாது."

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "சாப்டாச்சா?"

"ஆச்சு மச்சான். நீங்க?"

"ஆச்சு."

ஏழெட்டு வருஷம் கழித்துத் தொடங்கிய பேச்சு அத்தோடு கொஞ்சம் இளைப்பாறியது.

"வீட்டுக்குள்ள இருக்கிறவங்களையும் தேடுன்னு இதுல ஒரு கட்டம் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே ஊசி நாற்காலியில் உட்கார்ந்தாள். மச்சானைப் பார்த்து, "நீங்க மேலே போய் இதே கட்டத்துல டிக் போடுங்க சார். படி வழியா போங்க. குழாய் வழுக்குது," என்றாள்.

அவர் போய்ப் போட்டார். கீழே திரையில் வரி மாறியது. தொண்ணூற்றொன்பது. சூப்பர்வைசர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நூறு.

மச்சான் மூச்சிரைக்க இறங்கி வருகிறவரைக்கும் காத்திருந்து, சூப்பர்வைசரே ஃபைலை இயக்கினார். கரகரப்புக்கு நடுவே பியானோ ஒலித்தது. அதற்கப்புறம் கால் மணி நேரம் யாரும் அசையவில்லை. பல் டாக்டர் அழுதார். தோட்டக்காரன் சத்தியம் செய்தான். மாடியில் குடியிருந்தவன் ஜன்னலைச் சாத்தினான். இன்ஸ்பெக்டரின் குரல், தீர்மானமாக, நிதானமாக எழுந்தது. "இந்த அறையில்தான் இருக்கிறார் கொலைகாரர். அவர் வேறு யாருமல்ல. அவர்தான்..."

இடி இடித்தது.

ஸ்பீக்கர் அதிர்ந்தது, மேஜை அதிர்ந்தது. இடி உருண்டு உருண்டு ஓய்ந்தபோது இன்ஸ்பெக்டர், "இழுத்துச் செல்லுங்கள் இவரை," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறுதி இசை வந்தது. ஃபைல் முடிந்தது.

சூப்பர்வைசர் திரும்பவும் போட்டார். திரும்பவும் இடித்தது.

"பெயர் கேக்குதா?" என்று மச்சான் மெதுவாகக் கேட்டார். "நல்ல காது இருக்கிறவங்க யாருக்காவது கேக்குமான்னுதான் இதை எல்லாருக்கும் அனுப்பணும்னு நெனச்சேன்."

"உங்களுக்குத் தெரியாதா மச்சான்? நாடகத்தைக் கேட்டவர்தானே நீங்க?"

மச்சான் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "கேக்கல. அந்த இடி நான்தான்."

அவர் காற்றில் எதையோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக் காட்டினார்.

"பெரிய தகரம் ஒண்ணு. காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு அதை உலுக்கணும். கடைசிப் பாகமாச்சேன்னு கொஞ்சம் மனசு வெச்சு உலுக்கிட்டேன். ஒரு வார்த்தை முன்னாடியே உலுக்கிட்டேன். அப்புறம் கேன்டீன்ல ஆளுக்கொரு பேரைச் சொன்னாங்க. தெரியலைன்னு ஒத்துக்க எல்லாருக்கும் வெக்கம். கையெழுத்துப் போட்டிருந்தேன், யார்கிட்டயும் சொல்லவும் முடியல. முப்பது வருஷமா எனக்கு அது உறுத்திக்கிட்டு இருக்கு."

ஏணிக்கே இவ்வளவு நாள் பேசாமல் இருந்தவர், இதற்கு என்ன செய்வாரோ என்று நிழல் பயந்தார். சூப்பர்வைசர் எழுந்தார். மச்சானின் அருகில் போய் நின்றார்.

"நான் மட்டும்தான் கேக்காம விட்டுட்டேன்னு நினைச்சிருந்தேன்," என்றார். "அப்ப கேட்டவங்க ஒருத்தருக்குமே தெரியாதா? எனக்கு மட்டும்தான் இப்படி ஆச்சுன்னு எத்தனை நாள் தூங்காம இருந்திருக்கேன் மச்சான்." அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சானுக்கும் தொற்றிக்கொண்டது.

"இங்கேயே ஒருத்தருக்குத் தெரியும்," என்றார் சூப்பர்வைசரின் மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாடகத்தை டைப் அடிச்சது யாருன்னு நினைச்சீங்க? ஃபேக்டரி ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தது நான் ஒருத்திதானே. நானும்தான் கையெழுத்துப் போட்டேன். ஃபேக்டரியை மூடினப்புறம் சொல்லியிருப்பேன். இவர்தான் காதைப் பொத்திக்கிட்டாரே. நீங்களும் என்கிட்ட கேக்கல அண்ணே."

"யாரு?" என்று மூன்று ஆண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். நிழலின் குரல்தான் அதில் பலமாக இருந்தது.

சூப்பர்வைசரின் மனைவி கணவனைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லமாட்டேன்," என்றார். "முதல் பாகத்துலேருந்து போட்டுக் கேளுங்க. எல்லாக் குறிப்பும் அதுலயே இருக்கு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிங்க. சரியா சொன்னா ஆமான்னு சொல்றேன். நான் டீ போடப்போறேன்."

"தோட்டக்காரன்தான் மச்சான், இதுல என்ன சந்தேகம்," என்றார் சூப்பர்வைசர், முதல் பாகத்தைத் தேடிக்கொண்டே.

"அவன் எப்படி? அவனுக்குத்தான் கை உடைஞ்சிருந்துச்சே. மூணாம் பாகத்தைக் கேளுங்க, தெரியும்."

ஊசி துப்பட்டாவை ஜன்னலுக்கு வெளியே பிழிந்தாள். "கிளம்பலாம் சார். லைன் சரியாயிடுச்சு. நம்ம வேலை முடிஞ்சது."

நிழல் நாற்காலியை இழுத்து, திரைக்கு முன்னால் வசதியாகப் போட்டு உட்கார்ந்தார்.

"நீயும் உட்காரு," என்றார். "கொலைகாரன் இன்னும் பிடிபடல."